கூரை உள்ளவருக்கு ஊக்கத்தொகை, இல்லாதவருக்கு ‘இலவசம்’

2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச் சாலையைத் திறந்து வைத்துப் பேசிய பிரதமர் மோடி, இலவசங்களைக் கொடுத்து வாக்கு வாங்கும் அரசியலை ‘ரேவ்டி கலாச்சாரம்’ என்று சாடினார். ரேவ்டி என்பது எள்ளில் செய்யும் வடநாட்டு மிட்டாய். மக்களுக்கு மிட்டாய் கொடுத்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்கு 19 மாதங்கள் கழித்து, 2024 பிப்ரவரியில், அதே பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பெயர் ‘பிரதமரின் சூர்ய கர்: முஃப்த் பிஜ்லி யோஜனா’. முஃப்த் பிஜ்லி என்றால் இலவச மின்சாரம். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய்.

இந்த இலவசத்தை யாரும் ரேவ்டி என்று சொல்லவில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் பொருளாதார அறிஞர்கள் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது குடிசை மாற்று வாரிய வீட்டுக்கும் கிடைக்கிறது. சூர்ய கர் இலவசமோ சொந்தமாகக் கான்கிரீட் மாடி வைத்திருப்பவருக்கு மட்டுமே கிடைக்கிறது. முன்னதற்குப் பெயர் இலவசம், பின்னதற்குப் பெயர் ஊக்கத்தொகை.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை. நிலக்கரிச் சாம்பலைத் தின்று வாழும் வடசென்னையின் உழைக்கும் மக்களை அறிந்த எவரும் எதிரியாக இருக்க முடியாது. என் கேள்வி பணத்தைப் பற்றியது. எல்லோரிடமும் வசூலித்த வரிப்பணம், எந்த அளவுகோலை வைத்து யார் வீட்டுக்குப் போகிறது?

திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 1 கிலோவாட் சோலார் பேனலுக்கு ஒன்றிய அரசின் மானியம் 30,000 ரூபாய். 2 கிலோவாட்டுக்கு 60,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. 2026-27க்குள் 1 கோடி வீடுகள் என்பது இலக்கு. 2025 மார்ச்சில் 10 லட்சம் வீடுகளைத் தாண்டிவிட்டதாக அரசு அறிவித்தது. மானியம் பெற வேண்டுமானால் சொந்த வீடு, பேனல் தாங்கும் கூரை, செல்லுபடியாகும் மின் இணைப்பு ஆகியவை இருக்க வேண்டும். மானியம் போக மீதியைக் கையிலிருந்து போட வேண்டும், அல்லது வங்கியில் கடன் வாங்க வேண்டும்.

பார்க்க நடுநிலையாகத்தான் இருக்கிறது. சாதி, மதம் எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் கூரை கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கூரையைக் கேட்பதும் சாதியைக் கேட்பதும் அவ்வளவு தூரம் விலகிய கேள்விகள் இல்லை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையில், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை எழுதினார். மிராசுதார் நினைத்தால் அன்றிரவே குடிசையைப் பிடுங்கி எறியலாம் என்ற நிலைமை. அதன் பிறகு வந்ததுதான் 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணை. 12 லட்சம் ஏக்கர் என்று பேசப்படும் அந்த நிலத்தில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுமனைக்காக நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்படியும் பல ஊர்களில் பட்டா கையில் இருக்கும், மனை எங்கே என்று அளந்து காட்ட ஆள் வராது. நூறாண்டுக்கும் மேலாக மனைக்காகப் போராடும் மக்களிடம் போய், “உங்கள் மாடி எத்தனை சதுர அடி?” என்று கேட்கிறது இந்தத் திட்டம்.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக விழுப்புரம் மாவட்டத்தில் சில சேரிகளில் வீடு வீடாகச் சென்றிருக்கிறேன். அங்கே கான்கிரீட் கூரை இல்லாமல் இல்லை. இருபது, முப்பது வருடங்களுக்கு முன்பு அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. சோலார் பற்றிக் கேட்டபோது ஓர் அக்கா சிரித்துவிட்டார். “காக்கா உக்காந்தாலே காரை உதிருது தம்பி, இதுல நீ கண்ணாடியத் தூக்கி வைக்கச் சொல்றியே” என்றார். அந்த வீட்டு மின் இணைப்பு இன்னும் அவருடைய மாமனார் பெயரில்தான் இருக்கிறது. மாமனார் இறந்து பதினோரு வருடம். பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், கூடப்பிறந்தவர்களின் சம்மதம் வேண்டும், ஈ.பி. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்கக் கூலி நாட்களை விட வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பதிவு செய்துவிடலாம் என்று விளம்பரம் சொல்கிறது. அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இத்தனை படிகள் இருக்கின்றன.

சரி, கூரையும் நன்றாக இருக்கிறது, காகிதமும் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு ஏழைக்கு ஒத்துவராது. தமிழ்நாட்டு மின் கட்டணத்தை வைத்தே இதைப் பார்க்கலாம்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குக் கட்டணமே கிடையாது. அந்த வீட்டுக்கு சோலாரால் மிச்சமாகும் தொகை பூஜ்ஜியம். 200 யூனிட் செலவழிக்கும் வீட்டில், முதல் 100 போக மீதி 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம் 235 ரூபாய் பில் வரும். வருடத்துக்கு ஆறு பில், 1,410 ரூபாய். மானியக் கணக்குக்கு அரசு வைத்திருக்கும் அடிப்படை விலைப்படி 1 கிலோவாட் பேனலுக்கு 50,000 ரூபாய். மானியம் 30,000 போனால் கையிலிருந்து 20,000. போட்ட பணம் திரும்பி வர 14 வருடம் ஆகும். சந்தை விலை இதைவிடக் கூடுதல் என்பதால் உண்மையில் இன்னும் தள்ளிப்போகும்.

இப்போது இரண்டு ஏ.சி., ஒரு வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். பில் 7,000 ரூபாயை ஒட்டி வரும். 3 கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 700 யூனிட் தரும். அந்த 700 யூனிட்டும் மேல் அடுக்கிலிருந்து கழிகிறது, அதன் பெரும்பகுதி யூனிட்டுக்கு 8, 9, 10 ரூபாய் என்ற விலையில். மின்வாரியத்தின் இதர கட்டணங்களைச் சேர்த்தாலும் பில் இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். வருடத்துக்கு 30,000 ரூபாய்க்குக் குறையாத மிச்சம். 78,000 ரூபாய் மானியத்தையும் வாங்கிக்கொண்டு, மூன்று நான்கு வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு இருபது வருடம் லாபம்தான்.

ஒரே வெயில்தான் இரண்டு வீட்டின் மீதும் அடிக்கிறது. ஒருவருக்கு அந்த வெயிலின் விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் சொச்சம், இன்னொருவருக்கு 9 ரூபாய். அதிகம் செலவழிப்பவருக்கு அதிக மானியம், அதிக லாபம். உதவித் திட்டங்களில் வழக்கமாகக் குறைவாக இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். இங்கே அது தலைகீழாக இருக்கிறது.

“பில்லே கட்டாதவர்களுக்கு சோலார் எதற்கு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்றால் நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் சற்றுக் கூடுதல். நாலு விளக்கு, இரண்டு ஃபேன், ஒரு டி.வி. அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் வாங்கினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். மே மாதப் புழுக்கத்தில் ஷீட் போட்ட வீட்டுக்குள் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு 100 யூனிட் போதுமானது என்று, ஏ.சி. அறையில் உட்கார்ந்து நாம் முடிவு செய்யக் கூடாது. தவிர, பேனல் என்பது வருமானம் தரும் சொத்து. 25 வருடம் உழைக்கும் சொத்தை அரசுப் பணத்தில் பாதி விலைக்குக் கொடுக்கும்போது, ஏற்கெனவே சொத்து இல்லாதவர்களை மட்டும் பார்த்து உனக்கு எதற்கு என்று கேட்பது பழைய பழக்கம்.

இதில் இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. மேல் அடுக்கில் இருப்பவர்கள் யூனிட்டுக்கு 9, 10 ரூபாய் கட்டுவதும், தொழில், வணிக இணைப்புகள் கூடுதல் கட்டணம் கட்டுவதும்தான் கீழ் அடுக்கின் மலிவுக் கட்டணத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று. மீதியை மாநில அரசு மானியமாகத் தருகிறது. மேல் அடுக்கு வீடுகள் ஒவ்வொன்றாக மாடியில் பேனல் போட்டு விலகும்போது மின்வாரியத்தின் வருமானம் குறையும். கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவு குறையாது. இரவானால் சோலார் வீட்டுக்கும் அதே கம்பியில்தான் மின்சாரம் வர வேண்டும். அப்போது பள்ளத்தை யார் தலையில் கட்டுவார்கள்? ‘இலவச 100 யூனிட்டை இன்னும் எத்தனை காலம் தாங்குவது’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். கலிபோர்னியாவில் இதே வாதம் பல வருடம் நடந்து, 2022 டிசம்பரில் கூரை சோலாருக்குக் கொடுத்த சலுகையை ஒழுங்குமுறை ஆணையமே வெட்டியது. அங்கே பேனல் போட்டவர்களின் சலுகையில் கை வைத்தார்கள். இங்கே யாருடைய சலுகையில் கை வைப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

“இது வர்க்கப் பிரச்சினை, சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?” என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 2019இல் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு உதவும். கூரை சோலார் எங்கெங்கே இருக்கிறது என்பதை இனவாரியாகப் பார்த்தார்கள். சராசரி வருமானம் ஒன்றாகவே இருக்கும் பகுதிகளை ஒப்பிட்டபோதும், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில், எந்த இனமும் பெரும்பான்மையாக இல்லாத பகுதிகளைவிட 69 விழுக்காடு குறைவு. வீட்டு உடைமை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் 61 விழுக்காடு குறைவு. அதாவது பணமும் சொந்த வீடும் மட்டும் இதை விளக்கவில்லை. யார் தெருவில் முதலில் பேனல் வருகிறது, யாரைப் பார்த்து யார் போடுகிறார்கள், விற்பனையாளர் எந்தத் தெருவுக்குப் போகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில் அந்த எண் என்னவாக இருக்கும்? அதை அறிய மானியம் பெற்றவர்களின் விவரம் சாதிவாரியாக வேண்டும். சாதிச் சான்றிதழ் இல்லாமல் ஒரு ஸ்காலர்ஷிப்கூடத் தராத அரசு, 78,000 ரூபாய் மானியம் தரும்போது மட்டும் சாதி பார்க்காத உத்தமராகிவிடுகிறது.

நகரத்துக்கு வந்தால் நிலைமை வேறு மாதிரி. சென்னையின் நடுவிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். தலைக்கு மேல் கூரை உண்டு, ஆனால் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தினுடையது. தரைத்தளத்தில் இருப்பவருக்கும் மேல்மாடியில் இருப்பவருக்கும் அந்தக் கூரையில் தனிப்பங்கு கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு என்று சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் இருக்கிறது. அது லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும். பெரும்பாக்கத்தில் லிஃப்ட் எத்தனை நாள் ஓடுகிறது என்று அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கோ எதுவுமே இல்லை. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டு வீடு தர மறுக்கும் நகரத்தில், வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. இதில் மாடி உரிமையை யார் கேட்பது?

தமிழ்நாட்டுக்கு இது முதல் அனுபவம் இல்லை. 2011-12இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தை நினைவுபடுத்த வேண்டும். 300 சதுர அடி வீடு, அதில் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள். அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல சிந்தனை இருந்தது. கூரை இருப்பவருக்கு பேனல் என்று சொல்லாமல், கூரையையும் பேனலையும் சேர்த்தே கொடுத்தது. பட்டியலின மக்களுக்கு ஒதுக்கீடும் இருந்தது. குறை எங்கே என்றால், மனைப் பட்டா இருப்பவரால்தான் உள்ளே வர முடிந்தது. பராமரிப்பையும் யாரும் யோசிக்கவில்லை. நான் பார்த்த பசுமை வீடுகளில் பேனல் மேலே இருக்கிறது, பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்தில் ஆந்திர அரசு, சூர்ய கர் திட்டத்தையே பயன்படுத்தி எஸ்.சி., எஸ்.டி. வீடுகளுக்கு 2 கிலோவாட் பேனலை முழுவதும் இலவசமாக அமைப்பதாக அறிவித்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்றிய மானியத்துக்கு மேல் மாநிலத்தின் கூடுதல் மானியம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அங்கே எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்கு ஏற்கெனவே இலவச மின்சாரம் இருக்கிறது. பேனல் வந்துவிட்டது என்று சொல்லி நாளை அந்த உரிமையை எடுத்தால், பேனல் பழுதாகும் நாளில் அந்த வீடு இருட்டில் நிற்கும். ஆகவே பேனல் கூடுதலாக வர வேண்டும். இருக்கும் உரிமைக்கு மாற்றாக வரக் கூடாது.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் இந்தியா தொழில்மயமாகும், தொழில்மயமானால்தான் மக்கள் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. அரசின் கையில் மின்சாரம் இருப்பதா, தனியார் கையிலா என்ற கேள்வியை 1943இலேயே எழுப்பி விவாதித்தவர் அவர். மின்சாரத்தை அவர் சமூகத்தின் பொதுச் சொத்தாகப் பார்த்தார். கூரை வைத்திருப்பவரின் தனிச்சொத்தாகப் பார்க்கும் இன்றைய கொள்கை அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

மாற்று வழி இருக்கிறது. மானியத்தை வீட்டுக் கூரையிலிருந்து பிரிப்பதுதான் அது. சேரியில் இருக்கும் அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம், ரேஷன் கடை, ஆதிதிராவிடர் நல விடுதி ஆகியவற்றின் மாடியிலோ, ஊராட்சிக்குச் சொந்தமான இடத்திலோ பேனல்களை வைக்கலாம். அங்கே உற்பத்தியாகும் யூனிட்டுகளைப் பங்கிட்டு, சேரி வீடுகளின் மின் கணக்கில் வரவு வைக்கலாம். இதை மெய்நிகர் நிகர அளவீடு என்கிறார்கள். டெல்லியில் 2019 முதலே இதற்கு விதிமுறை உண்டு. உன் கூரை ஓலையா, ஷீட்டா, வாடகையா என்ற கேள்வியே இதில் எழாது. பெரும்பாக்கம் மாதிரியான இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல் திட்டத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. மக்கள் தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும், அந்த நிதி அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். எரிசக்தித் துறையின் ஒதுக்கீட்டை இதற்குப் பயன்படுத்தலாம். 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில், வீடு கட்டும்போதே பேனலுக்கான ஏற்பாட்டைச் சேர்க்கலாம். பழைய தொகுப்பு வீடுகளின் கூரையைச் சீர்செய்வதையும் சோலார் திட்டத்தின் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும். பேனல் பொருத்தும் ஒப்பந்தங்களில் ஒரு பங்கை, அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் கடன் பெறும் இளைஞர்களுக்கு ஒதுக்கலாம். இந்தத் திட்டத்தால் 17 லட்சம் நேரடி வேலைகள் வரும் என்கிறது ஒன்றிய அரசு. அதில் நம் பிள்ளைகளுக்குப் பேனலைத் துடைக்கும் வேலை மட்டும் மிஞ்சக் கூடாது.

இவை எதுவும் தானாக நடக்காது. படித்த இளைஞர்கள் உடனே செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, உங்கள் பகுதி மின்வாரியக் கோட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: இதுவரை எத்தனை வீடுகளுக்கு சூர்ய கர் இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள், அவற்றில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் எத்தனை? ‘அப்படித் தகவல் தொகுக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் வெளியிடுங்கள். அதுவும் ஒரு பதில்தான். இரண்டாவது, அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்: எங்கள் ஊராட்சியில் முதல் பேனல் சேரிப் பள்ளிக்கூடத்தின் மாடியில் ஏற வேண்டும், அதன் யூனிட்டுகள் அந்தத் தெரு வீடுகளின் கணக்கில் ஏற வேண்டும், இலவச 100 யூனிட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. கிராம சபைக்குப் போகும்போது இரண்டு வீட்டு மின் கட்டண ரசீதுகளையும் எடுத்துச் செல்லுங்கள், மேலத்தெருவில் ஒன்று, சேரியில் ஒன்று. கணக்கை எல்லோர் முன்பும் போட்டுக் காட்டுங்கள்.